பஞ்சர் வீலும் டீச்சரம்மாவின் குரூப்பும்

காலையில் ரெட்டியபட்டி தாண்டியதும் என் ஷேர் ஆட்டோ பஞ்சர். உள்ளே இருந்த வேதியியல் டீச்சருக்குக் காலேஜில் இன்றுதான் முதல் பாடம். முகத்தில் ஒரே பதற்றம்.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டே சீண்டினேன். "வீல்ல போல்ட்டு மாட்ட நாலு ஓட்டை டீச்சர். எப்படித் திருப்புனாலும் போல்ட்டு உட்காந்துரும். உங்க பாடம் பிள்ளைக மண்டையில உட்காருமா?"

"அண்ணே, இதுதான் என் பாடமே! கால் சுத்து, அரைச் சுத்து, ஒண்ணுக்குப் பெறகு இன்னொண்ணு சுத்துனாலும் போல்ட்டுக்கு நேரா ஓட்டை. திருப்பிச் சுத்துனா பழைய இடம். இந்தச் சுத்துகளச் சேத்துத்தான் கணக்குல குரூப்புங்கிறோம். சதுரமா இருக்குற மூலக்கூறுக்கும் இதேதாண்ணே!"

எனக்குப் புல்லரித்துவிட்டது. கண்ணுக்கே தெரியாத துகளுக்கும் என் வீலுக்கும் ஒரே சட்டமா!

காலேஜ் வந்ததும் டீச்சர் பஞ்சர் வீலை வகுப்புக்கே உருட்டிப் போய்விட்டார். ஜன்னல் வழியே பார்த்தேன். பிள்ளைகள் அதைத் திருப்பித் திருப்பி வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள்.

சாயங்காலம்தான் வீல் வருமாம். ஸ்டெப்னியை மாட்டியாச்சு, அதுவரை வேறு மாற்று வீல் இல்லாமல்தான் ஓட்டுகிறேன். ரோட்டில் ஆணி கிடந்தால் பொறுக்கிவிடுங்கள், மக்களே.