கேக்குக்கு வாங்கிய ரம்

காரைக்கால் கோவில்பத்தில் என் அக்கா வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் நவம்பரிலேயே வந்துவிடும். முந்திரி, திராட்சை, செர்ரி எல்லாவற்றையும் நறுக்கி ரம்மில் ஊறப்போடுவாள். எங்களுக்கு அது குடிக்கிற கணக்கில் வராது. வெனிலா எசன்ஸ் மாதிரி ஒரு சமையல் சாமான். அந்த நினைப்பில்தான், நாகப்பட்டினத்தில் இருக்கும் நாத்தனாரும் கேக் போடட்டும் என்று ஒரு பாட்டிலை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

எல்லை தாண்டியதும் தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடி. "டிக்கியில என்னம்மா?" என்று கேட்ட போலீஸ்காரரிடம், "ரம்மு சார், கேக்குக்கு" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அடிப்பாவி! காரைக்கால் சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோவது குற்றம். பாட்டிலோடு ஸ்கூட்டரையும் பிடித்துவைத்துக்கொண்டார்கள். வண்டியைப் பறிமுதல் செய்து ஏலம் விடப்போவதாக நோட்டீஸும் வந்தது.

கேக் விற்றே வாங்கிய வண்டி அது. காரைக்கால் முழுக்க அதில்தான் கேக் கொண்டுபோய்க் கொடுப்பாள். "வண்டி போச்சுன்னா என் பொழப்பே போச்சுடி. நீ வக்கீல்தானே, ஏதாச்சும் பண்ணு" என்று அழுதாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. முதலில் அவள்மேல்தான்.

பறிமுதலை விசாரித்த அதிகாரியிடம் நான் கொஞ்சம் சத்தமாகவே பேசினேன். குற்றத்துக்கு மிஞ்சிய தண்டனை கூடாது என்று நம் அரசியல் சாசனத்தில் தனியாக ஒரு வரி கிடையாது. உயிரையும் சுதந்திரத்தையும் பற்றிய இருபத்தொன்றாவது பிரிவுக்குள்ளிருந்துதான் நீதிமன்றங்கள் அதை எடுத்துத் தந்திருக்கின்றன. பிழைப்பும் அந்த உயிரில் சேர்த்தி. அத்தனையும் சொல்லிவிட்டு, "கொண்டுவந்தது தப்புதான் சார். அபராதம் போடுங்க. ஒரு பாட்டிலுக்கு ஒரு குடும்பத்தோட பிழைப்பையா எடுப்பீங்க?" என்றேன்.

அவர் அக்காவைப் பார்த்தார். "நெசமாவே கேக்குக்குத்தானாம்மா?"

"ஆமாங்க சார். பழம் நல்லா ஊறுனா கேக்கு மாசக்கணக்குல கெடாதுங்க."

அந்த நேரத்திலும் பக்குவம் சொல்கிறாள்! அவர் சிரித்துவிட்டார். பறிமுதலுக்குப் பதிலாக அபராதம் கட்டினால் போதும் என்று வண்டியை விடுவித்தார்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து சட்டத்தின் பெருமையை அளந்துகொண்டே வந்தேன். எல்லை வந்ததும் அவளாகவே வண்டியை நிறுத்தி, இறங்கி, டிக்கியைத் திறந்து காட்டினாள்.

"காரைக்காலுக்குப் போறவங்கள நாங்க பாக்குறதில்லம்மா" என்றார் அங்கிருந்த போலீஸ்காரர்.

"பரவால்ல சார், ஒரு தடவ பாத்துடுங்க."

உள்ளே ஒரு ரெயின்கோட் மட்டும் கிடந்தது. அவர் எட்டிப் பார்த்து, "சரி, போங்க" என்று சொல்லும்வரை அக்கா நகரவில்லை. டிக்கியை மூடிவிட்டு, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். நான் பேசிய எந்தப் பிரிவும் அவள் பயத்தைப் போக்கவில்லை.

"நகருக்கா, நான் ஓட்டுறேன்" என்று சாவியை வாங்கினேன்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது: "பள்ளம் பாத்து ஓட்டுடி. என் வண்டி."