நான்கு பிரதிகளுடன் ஒரு கடிதம்

நோர்வேயின் நிர்வாகச் சட்டம், பிரிவு 11அ, தெளிவாகவே சொல்கிறது: அலுவலகம் ஒரு விடயத்தை வீண் தாமதமின்றித் தீர்க்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் பதில் தர முடியாவிட்டால், ஏன் முடியவில்லை, எப்போது முடியும் என்று ஓர் இடைக்காலப் பதிலாவது எழுத வேண்டும். 2005ஆம் ஆண்டு ஜனவரி பதினேழாம் திகதி நான் அனுப்பிய கடிதத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தவில்லை. அதற்கு அலுவலகங்கள் மட்டும் காரணமல்ல என்று ஒப்புக்கொள்ள எனக்குச் சில மாதங்கள் பிடித்தன.

அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. பகலில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. மாலையில் ஒஸ்லோ நகர நடுவில், வளர்ந்தவர்களுக்கான பாடசாலை. இந்த நாட்டில் உயர்நிலைப் பள்ளி படிக்காதவர்கள் உயர்கல்விக்குள் நுழைய ஒரு பக்கவாசல் உண்டு: இருபத்துமூன்று வயது கடந்திருக்க வேண்டும், ஐந்து ஆண்டு முழுநேர வேலையைக் காட்ட வேண்டும், ஆறு பாடங்களில் தேற வேண்டும். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், பதின்மூன்று ஆண்டுகள் எழுதுவினைஞராக இருந்தவள் நான். கல்லூரியில் ஆவணக் காப்பு படித்து, மறுபடியும் ஓர் அலுவலகக் கோவைக்கு முன்னால் உட்கார வேண்டும் என்பதே என் எண்ணம். உருளைக்கிழங்கு உரிப்பதில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் உருளைக்கிழங்குக்கு இலக்கம் இட்டு வைக்க முடியாது.

முதல் நாள் கணித ஆசிரியை உள்ளே வந்ததும் எழுந்து நின்றேன். இருபதுக்கு மேற்பட்டவர்கள் இருந்த அந்த வகுப்பில் என்னைத் தவிர நின்றவர் பின்வரிசையில் ஒருவர் மட்டுமே. ஏதோ அவசரம் என்று நினைத்த ஆசிரியை, கழிப்பறை இடது பக்கம் என்று கை காட்டினார். இடைவேளையில் அந்த மனிதர் கோப்பியுடன் வந்தார்.

"அக்கா யாழ்ப்பாணமோ?"

"எப்பிடித் தெரியும்?"

"நிண்டனீங்களெல்லே."

அவர் ஒஸ்லோவின் ஹவுகெட்டோப் பகுதியில் குடியிருந்த பேருந்துச் சாரதி. என்னைவிட ஆறேழு வயது இளையவர். துரொண்ட்ஹெய்மில் பொறியியல் படிக்கப் போவதாகச் சொன்னார். அன்று முதல் இருவரும் ஒரே மேசையில் இருந்தோம். அவர் எனக்குச் சமன்பாடுகளை விளக்கினார். நான் அவருடைய நோர்வேஜியக் கட்டுரைகளில் காற்புள்ளி வைத்தேன். பன்னிரண்டு மணிநேர நாளின் முடிவில் இருவருக்கும் கண் சொருகும். ஆனால் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை. நவீன வரலாற்றில் எனக்கு ஐந்து கிடைத்தது. இங்கே ஆறுதான் உச்சம். அந்தத் தாளை ட்வெய்ட்டாவில் என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். தனியாக வாழும் நாற்பத்தைந்து வயதுப் பிள்ளைக்கு வேறு யார் ஒட்டுவார்கள்?

பாடங்கள் அல்ல, ஐந்து ஆண்டு வேலைதான் சிக்கல். சமையலறையில் நான், ஆள் தேவை என்று கூப்பிட்டால் மட்டும் போகிறவள். அந்த நேரங்களையெல்லாம் கூட்டினால் மூன்றரை ஆண்டுதான் வந்தது. மீதியைக் கச்சேரிதான் தர வேண்டும். கச்சேரி தந்த சேவைச் சான்றிதழில் "நிரந்தரமான, ஓய்வூதிய உரித்துள்ள பதவி" என்று இருந்தது. நோர்வேஜியப் படிவமோ அது எத்தனை வீதப் பதவி, முழுநேரமா அரைநேரமா என்று கேட்டது. ஓய்வூதிய உரித்துள்ள பதவியில் அரைநேரம் என்று ஒன்றை எங்கள் ஊரில் எவரும் கண்டதில்லை. ஆகவே எவரும் அதை எழுதி வைக்கவும் இல்லை. அந்த ஆண்டுகள் முழுநேரம் என்று கல்லூரி எழுத்தில் ஏற்க வேண்டும். ஜூலை முதலாம் திகதிக்குள் அந்தக் கடிதம் கையில் இல்லையென்றால், ஆறு பாடங்களில் தேறியும் உருளைக்கிழங்குதான்.

நான் எழுதினேன். எனக்குத் தெரிந்த முறையில் எழுதினேன். மேலே "எனது இலக்கம்", "உமது இலக்கம்". ஐந்து பக்கங்கள், இலக்கமிட்ட பந்திகள், பதினான்கு இணைப்புகள். கல்லூரியின் அனுமதிப் பிரிவுக்கு மூலம். அடியில் "பிரதிகள்" என்ற தலைப்பின் கீழ் என் பாடசாலை அதிபர், நகரசபையின் கல்விப் பிரிவு, வெளிநாட்டுக் கல்வியை மதிப்பிடும் அலுவலகம், வேலைவாய்ப்பு அலுவலகம். கச்சேரியில் பிரதி என்பது ஓர் ஆயுதம். மேலதிகாரிக்குப் பிரதி போயிருப்பதைக் கண்டால், கீழே இருப்பவர் அன்றே பேனை எடுப்பார்.

பெப்ரவரி போனது. மார்ச் போனது. விதியைச் சுட்டிக்காட்டி நினைவூட்டல் அனுப்பினேன், அதே நான்கு பிரதிகளுடன். ஏப்ரலும் போனது.

சாரதித் தம்பிக்கும் வேலைச் சான்றிதழில் ஒரு சந்தேகம் இருந்தது. மூன்று வரி எழுதி, ஒன்பதாம் நாள் பதில் வாங்கிவிட்டார். என் கடிதத்தின் நகலை வாங்கிப் புரட்டினார்.

"அக்கா, இது கடிதமோ, காணி உறுதிப் பத்திரமோ?"

"முறைப்படி எழுதினது. உம்மைப்போலத் துண்டு எழுதத் தெரியாது."

"சரி. ஒரு கதை சொல்லட்டே? போன கிழமை என்ரை பஸ்ஸிலை அஞ்சு பேர் ஒரே தரிப்பிலை இறங்க நிண்டவை. ஒருத்தரும் பெல் அடிக்கேல்லை. மற்ற ஆள் அடிச்சிருப்பார் எண்டு ஆளாளுக்குப் பாத்துக்கொண்டு நிண்டவை. நான் நிப்பாட்டாமல் போயிட்டன். பிறகு அஞ்சு பேரும் சேர்ந்து எனக்குப் பேச்சு."

"இப்ப அந்தக் கதை என்னத்துக்கு?"

"சும்மா. கடைசிப் பக்கத்தைப் பாத்தன், ஞாபகம் வந்தது."

அவருடன் இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் எனக்கு விடுமுறை, தொலைபேசியை எடுத்தேன். அனுமதிப் பிரிவில் ஓர் இனிய குரல், என் பாடசாலைக்கும் பிரதி போயிருப்பதால் அவர்களின் கருத்து வரும் என்று காத்திருப்பதாகச் சொன்னது. பாடசாலை, இது கல்லூரி தீர்மானிக்கும் விடயம் என்றது. கல்விப் பிரிவு, மதிப்பிடும் அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்றது. மதிப்பிடும் அலுவலகம், வேலைக்கும் தமக்கும் தொடர்பில்லை, அது வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பாடு என்றது. வேலைவாய்ப்பு அலுவலகத்துப் பெரியவர், இவ்வளவு ஒழுங்கான கடிதத்தைத் தன் பணிக்காலத்தில் கண்டதில்லை என்று பாராட்டினார். தகவலுக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறாராம்.

ஐந்து அலுவலகங்களிலும் என் கடிதம் கோவையில் முறையாக இருந்தது. ஓர் எழுதுவினைஞருக்கு இதைவிட வேறு மரியாதை கிடையாது. பதில்தான் கிடையாது. இந்த நாட்டில் பிரதியைக் கண்டு எவரும் பயப்படுவதில்லை. இன்னொருவர் கவனிக்கிறார் என்று நிம்மதி அடைகிறார்கள்.

அன்று மாலையே எழுதினேன். ஒரே முகவரி. மூன்று வரி: கச்சேரி ஆண்டுகள் முழுநேரமாக ஏற்கப்படுமா? விபரம் ஜனவரிக் கடிதத்தில் உள்ளது. பதிலை ஜூலை முதலாம் திகதிக்குள் எதிர்பார்க்கிறேன். அடியில் "பிரதிகள்" என்ற சொல் இல்லாத அந்தத் தாளைத் தபாலில் போட்டபோது, வீட்டு உடுப்போடு கோயிலுக்குப் போனதுபோல் கூச்சமாக இருந்தது.

பின்னர் பரீட்சைகள் வந்தன. கணிதத்தில் நான்கு. லொகாரிதம் என்ற சொல்லைக் கேட்டாலே வியர்த்தவளுக்கு நான்கு என்பது சின்ன எண் அல்ல. ஆறு பாடமும் முடிந்தது. தபால்பெட்டியை நாளுக்கு இரண்டு தரம் திறந்தேன். தபால்காரர் ஒரு தரம்தான் வருவார் என்பது தெரிந்தும்.

ஒரு புதன்கிழமை அது வந்தது. ஒரு பக்கம். பதின்மூன்று ஆண்டுகளும் நூறு வீதப் பதவியாக ஏற்கப்படுகின்றன. ஆதாரம்: விண்ணப்பதாரியின் ஜனவரிக் கடிதம், இணைப்பு ஒன்பது. இலங்கை அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையில் அலுவலக நேரம் பற்றிய பக்கம் அது. நானே நோர்வேஜியத்தில் மொழிபெயர்த்து, வரிக்கு வரி இலக்கமிட்டு இணைத்தது. கடிதத்தின் அடியில் "பிரதிகள்" என்று ஒரு தலைப்பு. அதன் கீழே அந்த நான்கு அலுவலகங்களும், நான் எழுதிய அதே வரிசையில்.

சாரதித் தம்பியை அழைத்து வாசித்துக் காட்டினேன்.

"பாத்தியளே அக்கா, பெல் அடிச்ச உடனை நிப்பாட்டிட்டாங்கள்."

"நிப்பாட்டினது பெல்லுக்குத்தான் தம்பி. ஆனால் ரிக்கற்றும் பாத்தவை. ஒன்பதாம் இணைப்பு."

மறுமுனையில் அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். நான் கடிதத்தைத் துளையிட்டுக் கோவையில் சேர்த்தேன். சேர்க்குமுன், கச்சேரி வழக்கப்படி, மேல் வலது மூலையில் கிடைத்த திகதியை மையால் எழுதினேன்: 22.06.2005.