எங்கள் வீட்டில் ஒலித்த குணசேகரன் சாரின் குரல்

குணசேகரன் சார் இறந்த செய்தி வந்தபோது நான் தறிக்கூடத்தில் அறுந்த பாவு இழையை முடிந்துகொண்டிருந்தேன். என் மனைவி கோகிலா கையில் போனோடு வாசலில் வந்து நின்றாள். அவள் உதடு அசைந்தது. மற்ற தறிகள் ஓடும் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவற்றையும் நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டேன்.

"சார் போயிட்டாருங்க" என்றாள். "குளிக்கப் போனவரு அங்கயே விழுந்துட்டாராமா. ஹார்ட் அட்டாக்."

சொல்லிவிட்டு நூல் மூட்டையின் மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். என் அப்பா இறந்தபோதும் அவள் அழுதிருக்கிறாள். அது ஒரு மருமகள் அழ வேண்டிய அழுகை. இது வேறு மாதிரி இருந்தது. பக்கத்தில் நான் நிற்கிறேன் என்ற நினைப்பே இல்லாமல் அழுதாள். எனக்கு அப்போது முதலில் துக்கம் வரவில்லை. நான் செத்தால் இவள் இப்படி அழுவாளா என்ற நினைப்புதான் வந்தது.

சாரிடம் படித்தவர்கள் சேர்ந்து போடும் இந்த நினைவு மலருக்கு ஆளுக்கொரு பக்கம் கேட்டிருந்தீர்கள். கோகிலா எழுத உட்கார்ந்தாள், முடியவில்லை. "நீங்க எழுதுங்க, நீங்களும்தான் அவரப் பாத்திருக்கீங்க" என்று சொல்லி எழுந்துவிட்டாள். நான் அவரிடம் படித்தவன் அல்ல, படித்தவளின் புருஷன். உங்களுக்கெல்லாம் அவர்மேல் மரியாதை இருந்தது. எனக்கு இருந்தது பொறாமை. அவரை நான் அறிந்ததெல்லாம் அதன் வழியாகத்தான். அதனால் அதையே எழுதுகிறேன். நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

எங்களுக்கு வெண்ணந்தூரில் விசைத்தறி. பத்தாவது முடித்துச் சில வருடம் வீட்டோடு இருந்த கோகிலாவை எனக்குக் கட்டிவைத்தார்கள். எங்கள் ஒரே மகள் திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் சேர்ந்து விடுதிக்குப் போன பிறகு, ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே, திறந்தநிலைப் பள்ளி மூலமாகப் பன்னிரண்டாவது எழுதப்போவதாகச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். "படிக்கறதுக்குத்தானுங்க" என்றாள். மற்ற பாடங்களை அவளே படித்துக்கொண்டாள். உயிரியல் மட்டும் பிடிபடவில்லை. பள்ளிபாளையத்தில் ஒருவர் காலை ஆறு மணிக்கு ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறார், வேலைக்குப் போகிறவர்களும் குடும்பப் பெண்களும் அதில் படிக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அப்படித்தான் குணசேகரன் சாரின் குரல் எங்கள் சமையலறைக்குள் வந்தது.

நல்ல குரல். அதுவே எனக்கு முதல் இடைஞ்சல். தினமும் விடியும்போது என் வீட்டில் இன்னொரு ஆண் நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கிறான், என் மனைவி அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "பேரத் தெரிஞ்சுக்கிட்டா பாதி பயம் போயிருமுங்க" என்பார் அவர். மைட்டோகாண்ட்ரியா, எண்டோபிளாச வலை என்று ஒவ்வொரு பேரையும் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோலச் சொல்வார். கோகிலாவும் திருப்பிச் சொல்வாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் தறிகளை ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்க முடியுமா என்று அவள் கேட்டபோது நான் முடியாது என்றேன். அவள் வாதாடவில்லை. ராசிபுரம் போய் ஒரு இயர்போன் வாங்கிவந்தாள்.

அதன் பிறகு நிலைமை இன்னும் மோசமானது. குரல் கேட்டவரை அது பாடம்தான் என்று தெரிந்தது. இப்போது ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று சிரிப்பாள். யோசனையாகத் தலையாட்டுவாள். "இல்லீங்க சார், எனக்கு அப்படித் தோணலீங்க" என்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னிடம் ஒரு தடவைகூட அவள் அப்படிச் சொன்னதில்லை. மறுநாளே தறிகளை நிறுத்திவிட்டு, இயர்போன் போட்டால் காது கெட்டுப்போகும் என்று சொன்னேன். கோகிலா என்னைப் பார்த்துவிட்டு அதைக் கழற்றி வைத்தாள்.

ஒரு நாள் பள்ளிபாளையத்தில் துணி இறக்கும் வேலை இருந்தது. ஆள் எப்படி இருக்கிறார் பார்த்துவிடலாம் என்று விசாரித்துக்கொண்டு போனேன். மாடியில் ஒற்றை அறை. நான் மனதில் வைத்திருந்த உயரமான ஆளை அங்கே காணோம். குள்ளமாக, முன்பக்கம் வழுக்கையாக, இஸ்திரி போட்ட சட்டையும் கசங்கிய லுங்கியுமாக ஒருவர் எழுந்து வந்தார். நான் ஊரைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். "வெண்ணந்தூர் கோகிலா ஊட்டு அண்ணனுங்களா? வாங்க, வாங்க" என்றார். பிறகு, "அவங்க கேக்கற கேள்விக்குப் பாதி நாள் எனக்குப் பதில் தெரியறதில்லீங்க. படிச்சுட்டு வந்து மறுநாள் சொல்லுவேன்" என்றார். அப்படி என்ன கேட்பாள் என்று நான் கேட்டேன். "செல்லு எதுக்கு ரெண்டாப் பிரியோணும், அதுக்கு யாரு சொல்றாங்கன்னு கேட்டாங்க" என்றார். என் வீட்டில் நாளெல்லாம் நடமாடும் ஒருத்தியின் மனதில் இருப்பதை இன்னொரு ஆள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டேன்.

அறையின் மூலையில் அவர் மனைவி சாந்தியம்மா தையல் மிஷினில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "கோகிலா ஊட்டுக்காரருங்களா? இங்க தெனமும் அந்தப் பேருதானுங்க" என்றார். அந்தத் தொனி எனக்கு நன்றாகத் தெரிந்தது. வீட்டில் நான் பேசிக்கொண்டிருந்த தொனி அதுதான்.

இதயம் பற்றிய பாடம் வந்தபோது எல்லோரும் ஆட்டு இதயம் வாங்கி அறுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். உங்கள் வீடுகளிலும் அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கும். கறிக்கடைக்குப் போனவன் நான்தான். கோகிலா எவர்சில்வர் தட்டில் வைத்து அறுத்தாள். என்னை டார்ச் பிடிக்கச் சொன்னாள். போனிலிருந்து, "லைட்டுப் பிடிக்கறது அண்ணனுங்களா? கொஞ்சம் இடது பக்கமாப் பிடிங்க" என்று உத்தரவு வந்தது. என் வீட்டில், என் காசில் வாங்கிய டார்ச்சைப் பிடிக்க எனக்கு உத்தரவு. பிடித்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாக இழைகள் தெரிந்தன. "இது நூலு மாதிரி இருக்குதுங்களே" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். "அப்படித்தானுங்க அண்ணா இருக்கும். அது எதுக்கு இருக்குதுன்னு நெனைக்கறீங்க?" என்று கேட்டார். தெரியலீங்க என்றேன். "தெரியலைன்னு சொன்னவருக்குத்தானுங்க மொத மார்க்கு" என்றார். திரையில் எல்லோரும் சிரித்தீர்கள். பிறகு கோகிலா சொன்னாள்: ரத்தம் முட்டும்போது வால்வு பின்பக்கம் மடிந்துவிடாமல் அந்த இழைகள் இழுத்துப் பிடிக்கின்றன. எனக்கு மார்க் கிடைத்ததில் சந்தோஷம்தான். அவர் கொடுத்து நான் சந்தோஷப்பட்டேனே என்று அன்று முழுக்க எரிச்சலாகவும் இருந்தது.

செய்முறைத் தேர்வு சேலத்தில் நடந்தது. கோகிலாவை நான்தான் காரில் அழைத்துப்போனேன். மகள் வாங்கிக்கொடுத்த புதுச் சேலையைக் கட்டியிருந்தாள். சார் தன் மாணவர்களைப் பார்த்து இரண்டு வார்த்தை தைரியம் சொல்ல வந்திருந்தார். அவர்கள் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டது அன்றுதான். வேப்ப மரத்தடியில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஏதோ சொன்னாள். அவர் தலை குனிந்து கேட்டார். அவள் இன்னும் சொன்னாள். அவர் அப்படியே நின்று கேட்டார். அவ்வளவுதான், மணி அடித்துவிட்டது.

திரும்பி வரும்போது மல்லூர் தாண்டியதும் கேட்டேன். "அப்படி என்ன பேசினீங்க?"

"மைக்ராஸ்கோப்ப நெனச்சா கை நடுங்குதுன்னு சொன்னனுங்க."

"அதுக்கு அவ்வளவு நேரமா?"

கோகிலா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "அவரு நான் பேசி முடிக்கற வரைக்கும் பொறுத்திருப்பாருங்க. வேற ஒண்ணும் இல்ல. நீங்க வேப்ப மரத்தடியில நின்னு பாத்துட்டிருந்தது எனக்குத் தெரியும்."

நான் வண்டியின் வேகத்தைக் கூட்டினேன்.

தேர்வு முடிவு வந்த அன்று கோகிலா போனில்தான் பார்த்தாள். பார்த்த கையோடு அவருக்கே அழைத்துவிட்டாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன். "சார், பாஸ் ஆயிட்டனுங்க" என்றாள். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. "அண்ணங்கிட்டச் சொல்லிட்டீங்களா?" இன்னும் இல்லை என்றாள் இவள். "அப்ப வைங்க. மொதல்ல அங்க சொல்லிட்டு அப்புறமா எனக்குக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார். கோகிலா வந்து சொன்னாள். நான் ஏற்கெனவே கேட்டுவிட்ட செய்தியைப் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டேன். ஒரு ஆள் இவ்வளவு நல்லவராக இருந்தால் அவரை வெறுக்கக்கூட வழியில்லாமல் போகிறது. அன்று எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

அவர் காரியத்துக்குப் பள்ளிபாளையம் போயிருந்தோம். உங்களில் பலரை முதல் முறையாக அங்கேதான் பார்த்தேன். போர்வெல் போடும் ரிக் லாரி ஓட்டும் தம்பி, மில்லுக்குப் போகும் பெண்கள், கைக்குழந்தையோடு வந்திருந்த சங்ககிரிக்காரர் ஒருவர். ஒவ்வொருவரும் ஒன்றையே சொன்னீர்கள். "என் கேள்விக்காகச் சார் படித்துவிட்டு வருவார். நான் பேசி முடிக்கும்வரை கேட்பார்." ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்கக் கோகிலாவின் முகம் சுருங்கிக்கொண்டு போனது. எனக்கு முதலில் விளங்கவில்லை.

கிளம்பும்போது சாந்தியம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். தையல் மிஷின் துணி போட்டு மூடியிருந்தது. என்ன ஆறுதல் சொல்வதென்று தெரியாமல், எல்லாரும் சாரைப் பற்றி எவ்வளவு பெருமையாகச் சொல்கிறார்கள் என்றேன்.

"கேட்டனுங்க" என்றார். "பேசி முடிக்கற வரைக்கும் கேப்பாருன்னு சொல்றாங்க. எங்கிட்டப் பாதிப் பேச்சுலயே எந்திரிச்சுப் போயிருவாரு. நாளைக்குப் பாடம் பாக்கோணும்பாரு. நானும் வகுப்புல சேந்திருக்கோணுமாட்ட இருக்குதுங்க."

அழுகையும் சிரிப்பும் இல்லாமல் சொன்னார். மலருக்கு எழுத ஒத்துக்கொண்ட பிறகு அவருக்குப் போன் செய்து இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க, அதுவும் இருக்கட்டும்" என்றார். அதனால் எழுதியிருக்கிறேன்.

வரும் வழியில் திருச்செங்கோடு மலை கண்ணில் பட்டுப் பின்னால் போனது. பிறகு கோகிலா, "எல்லாத்துகிட்டயும் அப்படித்தான் இருந்திருக்காரு" என்றாள். "எங்கிட்ட மட்டும்னு நெனச்சுட்டிருந்தனுங்க."

அப்போதுதான் அந்த முகம் எனக்குப் புரிந்தது. அது நான் தினமும் காலை ஆறு மணிக்கு வைத்துக்கொண்டிருந்த முகம். காரை ஓரமாக நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தேன். அவள் பேசினாள். எதிரே வரும் லாரிகளைப் பார்த்துக்கொண்டே, சாரைப் பற்றியும் படிப்பைப் பற்றியும் பத்தாவதோடு நின்ற வருடங்களைப் பற்றியும் பேசினாள். நடுவில் எனக்கு இரண்டு போன் வந்தது. எடுக்கவில்லை.

இப்போது அவள் ராசிபுரத்தில் லேப் டெக்னீஷியன் படிக்கிறாள். அங்கே பாடம் எடுப்பவரைப் பற்றி, "சார் மாதிரி வராதுங்க" என்று வாரம் ஒரு தடவையாவது சொல்கிறாள். சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளே சுருக்கென்கிறது. ஆள் போன பிறகும் அது போகவில்லை. போக வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. குணசேகரன் சாரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தப் பொறாமை ஒன்றுதான். சாயங்காலம் ராசிபுரம் பஸ் வரும் நேரத்துக்கு நிறுத்தத்தில் போய் நிற்கிறேன். கோகிலா இறங்கியதும் இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்கிறேன். வீடு வரும்வரை அவள் சொல்லிக்கொண்டு வருகிறாள்.