ஒன்பதாம் பக்கத்துக் கிறுக்கல்

குத்தூசி இப்போதெல்லாம் ஒரு மைக்கறையைக்கூட நம்புவதில்லை. உற்று உற்றுப் பார்ப்பாள். நீதிமன்றப் பதிவறையில் கோப்புகளைத் துளைத்துக் கட்டும் வேலைக்கு வந்தவள் என்பதால் அந்தப் பெயர். வாயும் அதற்குக் குறைந்ததில்லை.

ஸ்கேன் செய்த காகிதம், பார்வையில்லாதவருக்கு எழுத்தைப் படித்துச் சொல்லும் கணினிக்கோ போனுக்கோ வெறும் படம், வாயே திறக்காது. அதை எழுத்தாக்கி, பிழை திருத்தி, புகைப்படம் இருந்தால் அதில் என்ன தெரிகிறது என்றும் எழுதுவதுதான் எங்கள் இருவரின் வேலை. கறை, கோடு, கிறுக்கல் எல்லாவற்றுக்கும் 'அலங்காரம்' என்று ஒரு குறி உண்டு. போட்டுவிட்டால் படிக்கும் குரல் அதைத் தாண்டிப் போய்விடும். அதைப் போடுவதில் குத்தூசிக்குக் கை வேகம். எனக்கும்தான், மறைப்பானேன்.

ஒரு பெண்ணின் கோப்பு வந்தது. புருஷன் அவள் தலையைச் சமையல் மேடையில் மோதியதில் பார்வை போய்விட்டது. கூடப்பிறந்த அண்ணனே சமரசம் பேசிக்கொண்டிருந்தான். அவள் கையெழுத்துப் போட்டால் வழக்கு முடிந்தது. திரும்ப அதே வீடு, அதே மேடை. 'அண்ணன் படித்துக் காட்டுகிறார், பாதியை முழுங்கிவிடுகிறார், நானே கேட்க வேண்டும்' என்று மனு கொடுத்திருந்தாள்.

புகைப்படத்துக்குக் குத்தூசி முதலில் 'காயம்பட்ட முகம்' என்று எழுதினாள். பிறகு அழித்தாள். 'இடது கண் வீங்கி மூடியிருக்கிறது. நெற்றி உள்ளே அமுங்கியிருக்கிறது. முன்பற்கள் இரண்டு இல்லை. கழுத்தில் ஐந்து விரல் தடம்.' விசைப்பலகை உடைந்துவிடும் போல அடித்தாள்.

"இவன் கையை இந்தக் கதவிடுக்குல வெச்சுச் சாத்தணும்டி," என்றாள். எனக்கு அது போதாது என்று பட்டது.

கையெழுத்து நாளன்று காலையில் அந்தப் பெண் போன் செய்தாள்.

"முழுசும் கேட்டேன்க்கா. அண்ணன் சொன்னது சரிதான். ஒன்பதாம் பக்கத்துல, ஆஸ்பத்திரிச் சீட்டுல, 'வழுக்கி விழுந்ததாக நோயாளி கூறினார்'னுதான் இருக்கு. அப்போ வீட்டுக்காரர் பக்கத்துலயே நின்னுட்டிருந்தாரு. அப்புறமா நர்ஸ்கிட்ட உண்மையைச் சொன்னேன். அது எங்கயுமே இல்ல. நான் எதை வெச்சுப் பேச? இன்னும் கொஞ்ச நேரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன்."

குத்தூசி ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தாள். ஓரத்தில் பென்சிலில் ஏதோ சாய்ந்து கிடந்தது. 'அலங்காரம்' என்று அவளே போட்ட குறி. பெரிதாக்கினோம். 'கணவரை வெளியே அனுப்பிய பின் நோயாளி சொன்னது: அவர்தான் மோதினார். நான்கு முறை. எண்ணினேன்.' கீழே செவிலியரின் கையெழுத்து.

குத்தூசி தன் கன்னத்தில் தானே பளாரென்று அறைந்துகொண்டாள். "பாவி, நானே அவ வாயை அடைச்சுட்டேனே!" குறியை நீக்கினாள், வரியைச் சேர்த்தாள், அனுப்பினாள். அந்தப் பெண் போனை எடுக்கவில்லை. குத்தூசி என்னை இழுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

சமரச அறையில் அண்ணன் தங்கையின் விரல்களை முறுக்கிப் பேனாவைத் திணித்துக்கொண்டிருந்தான். அதிகாரி எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பதாம் பக்கத்தைத் திரும்பப் போடும்மா! புதுசா அனுப்பியிருக்கேன்!" என்று கத்தினாள் குத்தூசி.

"யாரு நீ? குடும்ப விஷயத்துல மூக்கை நுழைக்காத!" என்றான் அண்ணன்.

தங்கையின் இடது கை போனைத் தடவியது. குரல் நிதானமாகப் படித்தது. 'அவர்தான் மோதினார். நான்கு முறை.'

அண்ணன் போனைத் தட்டிவிட்டான். அதே கையால் அவளை அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் சமரசப் பத்திரத்தில் தெறித்தது. போன் பெஞ்சுக்கடியில் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தபடியே மிச்சத்தையும் படித்தது. 'எண்ணினேன்.'

அதிகாரி எழுந்துவிட்டார். குத்தூசி அண்ணனின் சட்டையைப் பிடித்திருந்தாள்.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அஞ்சு," என்றாள். "அக்கா, இதையும் எழுதிக்கோங்க."