லைட்டிங் டெஸ்க்குக்கு ரெண்டு கோட் பச்சை

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் நாங்கள் நாடகம் போடும் ஹாலில் ஒரு பழைய லைட்டிங் டெஸ்க் இருக்கிறது. மேடை விளக்குகளைக் கூட்டவும் குறைக்கவும் வரிசையாகப் பிடிகள் வைத்த, மேஜை அளவு இரும்புப் பெட்டி. அதைக் காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள் என்று ஹால் மேனேஜர் சரோஜா மேடத்திடம் கெஞ்சி, போன வாரம்தான் சம்மதம் வாங்கினேன்.

இன்று காலை போய்ப் பார்த்தேன்.

டெஸ்க் முழுக்கப் பளபளவென்று பச்சை பெயின்ட். பிடிகளுக்கு மேலே ‘நிலா’, ‘மின்னல்’, ‘அரண்மனை’ என்று யார் யாரோ எழுதி வைத்திருந்ததெல்லாம் அதற்கு அடியில். பிடிகளை இழுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை.

“என்ன மேடம் இது?” என்றேன்.

“நீங்கதானே சார் பத்திரமா வெச்சுக்கணும்னு சொன்னீங்க? துரு பிடிக்கக் கூடாதுன்னு நானே உக்காந்து ரெண்டு கோட் அடிச்சேன். சக்கத்தா, சூப்பரா இருக்குல்ல?”

அவர் வளையலிலும் பச்சை. நான் தலையாட்டினேன்.

“அப்போ மேல தொங்குற லைட்டுங்களுக்கும் அடிச்சிடட்டா?”

மிச்ச பெயின்ட் டப்பாவைக் கேட்டு வாங்கி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எழுத்து அழியாமல் பெயின்டை மட்டும் உரிக்கத் தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். மேடம் மனது நோகாமல் உரிக்கத் தெரிந்தால் இன்னும் நல்லது.