தானே ஓடும் வண்டியில் அம்பாரோ

எங்கள் பண்ணையில் அம்பாரோவின் வேலை டிராக்டரில் உட்கார்ந்திருப்பது. ஓட்டுவது அல்ல, உட்கார்ந்திருப்பது மட்டும். மின்சாரத்தில் ஓடும் அந்த டிராக்டர் தானே திராட்சை வரிசைக்குள் நுழையும், முனையில் தானே திரும்பும், பேட்டரி இறங்கினால் தானே கொட்டகைக்குப் போய் நிற்கும். ஆனால் ஓடுகிற டிராக்டரின் இருக்கையில் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பது எங்கள் கலிபோர்னியா மாநிலத்துச் சட்டம். அந்த ஆள்தான் அம்பாரோ. அவள் வலது கைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அழுத்தினால் வண்டி நின்றுவிடும்.

ஃபிரெஸ்னோவுக்கு மேற்கே இருக்கும் இந்தப் பண்ணை ஒரு பல்கலைக்கழகத்துடையது. மாணவர்கள் படிக்கிறார்கள், பேராசிரியர்கள் சோதிக்கிறார்கள், சில நாட்களில் சுற்றுவட்டார விவசாயிகள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் வருகிற நாளில் அம்பாரோவுக்குக் கேலிப் பேச்சு நிச்சயம்.

"தோஞா அம்பாரோ, சும்மா உக்கார்றதுக்குக் கூலி குடுக்கிற இடம் இன்னொண்ணு இருந்தா எனக்கும் சொல்லுங்க. வீட்ல நான் சும்மா உக்காந்தா எம்பொண்டாட்டி விளக்குமாத்தத் தூக்குறா" என்பார் தோன் சோன். சிறு நிலத்தில் கொஞ்சம் உலர்திராட்சையும் கொஞ்சம் பாதாமும் வைத்திருக்கும் கிழவர். தோஞா, தோன் என்பது எங்கள் ஸ்பானிஷில் அம்மா, ஐயா மாதிரி.

"உங்களுக்கு இந்த வேலை சரிப்படாது தோன் சோன். வாயை மூடிக்கிட்டு உக்காரணும்."

கூட்டம் சிரிக்கும். அவளும் சிரிப்பாள். ஆனால் அந்த இருக்கையை அவளாகவே கேட்டு வாங்கினாள் என்பதும், எதற்காகக் கேட்டாள் என்பதும் சொட்டுநீர்க் குழாய் பார்க்கும் எங்களைப் போன்ற சிலருக்குத்தான் தெரியும்.

அவள் மெக்சிகோவின் மிச்சோவகானிலிருந்து வந்தவள். தாய் செத்தபோது தம்பி நசாரியோ இன்னும் நடை பழகவில்லை. இடுப்பில் வைத்துத் தூக்கி வளர்த்தது அவள்தான். லிப்ராதோவைக் கட்டிக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்த பிறகு, தம்பியையும் வரவழைத்துத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். அவனுக்கு டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தது லிப்ராதோ. ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள், ஒரே தோட்டத்தில் வேலை செய்தார்கள்.

ஆகஸ்டு மாதம் பழத்தை அறுத்து, வரிசைகளுக்கு நடுவே காகிதம் விரித்து வெயிலில் காயப் போடுவோம். அதற்கு முன் நடுமண்ணைத் தகடு கட்டிய டிராக்டரால் சமன் செய்ய வேண்டும். நடுப்பகலில் அங்கே நிழல் என்று இருப்பது கொடிகளின் அடி மட்டும்தான். ஆட்கள் சாப்பிட்டதும் கொடிக்கடியில் உடம்பை நுழைத்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவார்கள். கால் மட்டும் வெளியே வரிசையில் நீட்டிக்கொண்டிருக்கும். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். கூடாது என்று எல்லா மேஸ்திரிகளும் சொல்வார்கள், எல்லா மேஸ்திரிகளும் அப்படியே தூங்குவார்கள்.

அப்படித் தூங்கிக்கொண்டிருந்த லிப்ராதோ மீது டிராக்டர் ஏறியது. ஓட்டியது நசாரியோ.

வழக்குப் பதிவாகவில்லை. விபத்து என்று எழுதி முடித்தார்கள். ஒன்பதாம் நாள் ஜெபமாலை முடிந்து எல்லோரும் ரொட்டியும் காப்பியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்பாரோ தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏண்டா, கண்ணு எங்கடா இருந்துச்சு உனக்கு?"

"இலை மறைச்சிருச்சு அக்கா. ஒண்ணுமே தெரியல."

"பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். நீ பாக்கல."

அன்று அவன் தன் துணிமணியை எடுத்துக்கொண்டு போனான். மென்டோட்டா பக்கம் வண்டியில் கட்டி இழுக்கிற ஒரு பழைய டிரெய்லர் வீட்டில் குடியிருந்தான். அதன் பிறகு டிராக்டரைத் தொடவில்லை, ஒரு மாட்டுப் பண்ணையில் கொட்டகை கழுவினான். வருஷங்கள் போயின. இறந்தவர் நாளுக்கு லிப்ராதோவின் படத்துக்கு முன் மெழுகுவத்தி ஏற்றுகிற வீட்டுக்குள் அவனுக்கு மட்டும் இடமில்லை. அவளுக்கு அவனை வெறுக்க முடியவில்லை. வளர்த்தவள் அல்லவா. நம்பவும் முடியவில்லை. இலை மறைத்தது உண்மை என்றால் தம்பியைக் கூப்பிட்டுச் சோறு போட்டுவிடலாம். அதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது? அந்த இடத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர்.

பிறகு இந்த டிராக்டர் வந்தது. அதற்குச் சுற்றிலும் கேமராக்கள். அது வெயிலில் கண்ணைச் சுருக்காது, சலிப்படையாது, மேஸ்திரிக்குப் பயப்படாது. வரிசையில் ஆளைக் கண்டால் நிற்கும் என்றார்கள். அம்பாரோ பேராசிரியர் வார்த்தானியனிடம் போய் அந்த இருக்கை தனக்கு வேண்டும் என்றாள். உண்மையாகவே பார்க்கிற ஒன்று பார்த்தால், கொடிக்கடியில் கிடக்கும் ஆள் தெரிவானா, மாட்டானா? அவளுக்கு வேண்டியது அந்தப் பதில்தான். அதைக் கொண்டு தம்பியின் விஷயத்தை முடித்துவிடலாம் என்று நினைத்தாள்.

நின்ற ஆளுக்கு வண்டி நின்றது. குனிந்து களை பிடுங்கிய ஆளுக்கும் நின்றது, முயலுக்கும் நின்றது. விவசாயிகளைக் கூட்டிக் காட்டுகிற நாள் நெருங்கியபோது அம்பாரோ சொன்னாள்: "படுத்திருக்கிற ஆளை வச்சுப் பாக்கல."

வார்த்தானியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பட்டியல்ல இருக்கு. அடுத்த மாசம்னு வச்சிருந்தோம்."

"காட்டுறது இந்த மாசம்தானே?"

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "நாளைக்கே வைப்போம்" என்றார்.

மாய் என்ற மாணவி, லாவோஸ் மலைகளிலிருந்து வந்து குடியேறிய ஹ்மோங் வீட்டுப் பெண், பழைய வேலைச் சட்டையிலும் கால்சட்டையிலும் வைக்கோல் திணித்து ஒரு பொம்மை செய்தாள். அதைக் கொடிக்கடியில் எப்படிக் கிடத்துவது என்று அவள் திணறியபோது அம்பாரோவே மண்டியிட்டு, உடம்பை உள்ளே தள்ளி, காலை வெளியே நீட்டி, முகத்தில் தொப்பி கவிழ்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். பொத்தானைத் தொடக் கூடாது என்பது சொல்லி வைத்தது.

வண்டி சத்தமில்லாமல் வரிசைக்குள் போனது. டீசல் வண்டியாக இருந்தால் அவள் மூச்சு வாங்கியது எங்களுக்குக் கேட்டிருக்காது. வண்டி நிற்கவில்லை. வைக்கோல் கால்களின் மேல் ஏறி, சற்றே தூக்கிப் போட்டு, அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

மாய் ஓடிவந்தாள். அம்பாரோ இறங்கி, நசுங்கிய கால்சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்குத் தெரியலையா?"

மாய் கையிலிருந்த திரையைப் பார்த்தாள். "தெரிஞ்சிருக்கு சென்யோரா. ஆனா ஆளுன்னு நினைக்கல. துணின்னு நினைச்சிருக்கு. துணிக்கு நிக்க வேண்டாம்னுதான் நாங்க சொல்லிக் குடுத்திருக்கோம். காத்துல காகிதமும் துணியும் பறந்து வரும்போதெல்லாம் நின்னா வேலை ஓடாதுன்னு."

அம்பாரோ அதில் பாதியைத்தான் காதில் வாங்கினாள் என்று நினைக்கிறேன். தனக்கு வேண்டிய பாதியை.

விவசாயிகள் வந்த நாளில் வார்த்தானியன் வண்டியை ஓட்டிக் காட்டவில்லை. படுத்திருக்கும் மனிதனை இந்த வண்டிக்கு இன்னும் அடையாளம் தெரியாது, தெரியும் வரை இதை யாரும் வாங்க வேண்டாம் என்று வெயிலில் நின்று சொன்னார். தோன் சோன் கூட அன்று கேலி செய்யவில்லை. வார்த்தானியனைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. இதைச் சொல்லலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்பாரோ ஒரு பானை மாட்டெலும்புக் குழம்பு வைத்து, துணியில் சுற்றிய சோளரொட்டியோடு மென்டோட்டாவுக்குப் போனாள். பூசைக்கு உடுத்துகிற உடையை உடுத்தியிருந்தாள். இது பின்னால் அவளே எனக்குச் சொன்னது. மாற்றாமல் எழுதுகிறேன்.

கதவைத் திறந்த நசாரியோவுக்குத் தலை நரைத்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் உள்ளே கிடந்த நாற்காலியைத் துடைத்தான், துடைத்ததையே திரும்பத் துடைத்தான்.

"போதும்டா, தேய்ஞ்சிரப் போவுது. உக்காரு, சாப்புடு. எலும்பும் தோலுமா இருக்கே. மாட்டுக்குத் தீவனம் வைக்கிற இடத்துல உனக்கு ஒண்ணும் வைக்க மாட்டாங்களா?"

அவன் சிரித்தான். சிரிக்கும்போது அழுதுவிடுவான் போல இருந்ததாம். இரண்டு கரண்டி வாயில் வைத்தான். அவள் வண்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். கேமராக்களைப் பற்றி, பொம்மையைப் பற்றி, அது நிற்காமல் போனதைப் பற்றி.

"அத்தனை கண்ணு இருந்தும் அதுக்கே முடியலடா. உனக்கு ரெண்டு கண்ணு. நான்தான் உன்னை வீணா..."

"அதுக்கு ஒண்ணுமே தெரியலையா அக்கா?"

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "தெரிஞ்சுதாம். துணின்னு நினைச்சுதாம்."

நசாரியோ கரண்டியை வைத்துவிட்டான்.

"நானும் பார்த்தேன் அக்கா."

"என்னத்த?"

"நீலமா. சட்டைன்னு நினைச்சேன். யாரோ கழட்டிக் கம்பியில மாட்டுனது கீழ விழுந்து கிடக்குதுன்னு. ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுத்தேன். மேஸ்திரி அந்த முனையில நின்னு கையை ஆட்டிக்கிட்டிருந்தான். ஒரு சட்டைக்கு எறங்கினா கத்துவானேன்னு... காலைத் திரும்ப வச்சேன்."

வெளியே யாரோ நாயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாக்கலன்னு சொன்னியே. இத்தனை வருஷமா."

"பாக்கலன்னா நீ என்னிக்காவது நம்பிருவேன்னு இருந்துச்சு. பார்த்தேன்னு சொன்னா என்னிக்கும் இல்ல. இப்ப நீ நம்பிட்டு வந்து நிக்குற. என்னால இதைத் திங்க முடியல அக்கா."

பார்க்காதவனை மன்னிப்பதற்கு ஒன்றுமில்லை. அங்கே குற்றமே இல்லை. அம்பாரோ கையில் கொண்டுபோனது அந்த வெற்று மன்னிப்பைத்தான். அதற்கு யாரும் எதையும் இழக்க வேண்டியதில்லை. அவன் அதை வாங்கிக்கொண்டு சாப்பிட்டிருக்கலாம். ஏன் வாங்கவில்லை என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். நேர்மை என்று சட்டென்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. தனியாகச் சுமந்தது போதும் என்று களைத்துப் போனதாகவும் இருக்கலாம். இறக்கி வைத்தது அவள் மேல்.

அவள் எழுந்தாள். பானையை எடுக்கவில்லை. "ஆறிடும், சாப்புட்டுரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. "கூப்புடணும்னுதான் இருக்கு. வாய் வரல" என்றாள் என்னிடம் ஒரு நாள், குழாயடியில்.

குளிர்காலம் போய்க் கொடிகள் மீண்டும் தழைத்தன. கொடிக்கடியில் படுத்திருக்கும் மனிதர்களின் படங்களை ஆயிரக்கணக்கில் காட்டினால்தான் வண்டி கற்றுக்கொள்ளும். வார்த்தானியன் ஸ்பானிஷ் வானொலியில் ஆள் கேட்டார். எங்கள் சனங்களுக்கு வியப்பு. தூங்கினால் திட்டுகிற ஊரில் தூங்கக் கூப்பிடுகிறார்களே என்று குடும்பம் குடும்பமாக வந்தார்கள்.

தோன் சோனும் வந்தார். "குறட்டை விடலாமா, படத்துல விழுந்துருமா?" என்று கேட்டுவிட்டு உண்மையிலேயே தூங்கிப்போனார்.

முறை இதுதான்: ஆள் படுத்திருப்பார். வண்டி படம் எடுத்துக்கொண்டே நடை வேகத்தில் வரும். ஆளுக்கு நன்றாக முன்னால் சுண்ணாம்புக் கோடு ஒன்று உண்டு. கோட்டைத் தொட்டதும் இருக்கையில் இருப்பவர் பொத்தானை அழுத்த வேண்டும். அம்பாரோ ஒருவர் விடாமல் கோடு வரை வந்து நிறுத்தினாள். கை தடுமாறவில்லை.

அன்று பிற்பகலில் நசாரியோ வந்தான். யாரும் கூப்பிடவில்லை. மாயிடம் பெயரைச் சொல்லிவிட்டு, வரிசையில் இறங்கி, எங்கே படுக்க வேண்டும் என்று கேட்காமலே கொடிக்கடியில் உடம்பை நுழைத்துத் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டான். அவன் போட்டிருந்தது நீலச் சட்டையா என்று கேட்பீர்கள். இல்லை, ஏதோ ஒரு சாம்பல் நிறச் சட்டை.

வண்டி வரிசைக்குள் நுழைந்தது. உடனே நின்றது. அம்பாரோ அழுத்திவிட்டிருந்தாள்.

மாய்க்கு ஒன்றும் புரியவில்லை. "சென்யோரா, கோடு இன்னும் தூரத்துல இருக்கு. மறுபடி போலாம்."

மறுபடி நுழைந்தது. மறுபடியும் அங்கேயே நின்றது.

"இவ்வளவு தூரத்துல எடுத்தா பிரயோசனம் இல்ல சென்யோரா. இங்கேருந்து வெறும் இலைதான் விழும். அங்க ஆள் இருக்கிறதே தெரியாது."

"எனக்குத் தெரியுது" என்றாள் அம்பாரோ.

மூன்றாம் முறையும் அதேதான். மாய் என்னைப் பார்த்தாள். நான் போய் அம்பாரோவின் கையைப் பொத்தானிலிருந்து எடுத்தேன். விரல்கள் விறைத்திருந்தன. அவள் இறங்கி, அவன் படுத்திருந்த வரிசை வழியாகப் போகாமல் பக்கத்து வரிசை வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். இருக்கையில் நான் உட்கார்ந்தேன். கோடு வரை போனேன், அழுத்தினேன், வண்டி நின்றது. படம் நன்றாக விழுந்திருப்பதாக மாய் சொன்னாள்.

முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகும் நசாரியோ எழுந்திருக்கவில்லை. இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது. எழுந்ததும் இருக்கையைத்தான் பார்த்தான். அங்கே நான் இருந்தேன். முதுகு மண்ணைத் தட்டாமல் காருக்கு நடந்தான். தொட்டியடியிலிருந்து அம்பாரோ அவன் போவதைப் பார்த்தாள், முகத்திலிருந்து தண்ணீர் வடிய. கூப்பிடவில்லை. கார் சாலையில் ஏறி மறையும் வரை நின்றாள்.

அடுத்த வரிசையில் ஒரு பெண் தன் இரண்டு பிள்ளைகளோடு படுக்கத் தயாராக இருந்தாள். அம்பாரோ வந்து என்னை இறங்கச் சொன்னாள்.