சனிக்கு நேரே

சிங்கப்பூர் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்ட அண்ணன், போன வாரம் ஒரு புதுத் தொலைநோக்கி வாங்கினார். போனில் கிரகத்தின் பெயரைத் தொட்டால் போதும், அதுவே தேடிப்போய் நிற்குமாம். அதற்கு இடம் வேண்டுமே என்று பரணில் கிடந்த பழையதை இறக்கினேன். பெட்டியைத் திறந்ததும் நல்லெண்ணெயின் சிக்கு வாடை. குழாயின் நுனியில் பிசுக்கேறிய விரல் தடங்கள். பழைய எரிச்சல் அப்படியே திரும்பி வந்தது.

அந்தப் பழையதையும் அண்ணன்தான் ஒரு லீவில் கொண்டுவந்தார். நான் அப்போது ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற புது குமாஸ்தா. இயற்பியல் படித்தவன் என்ற கர்வம் வேறு. லீவு முடிவதற்குள் சனியின் வளையத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. "அங்கிட்டு கட்டடத்துக்கு நடுவுல வானம் எங்கடா தெரியுது?" என்பார்.

பெரிய குழாயின் முதுகில் ஒரு சின்னக் குழாய் இருக்கும். சின்னதன் கூட்டல் குறியில் நிற்பதுதான் பெரியதிலும் தெரிய வேண்டும். அதற்குப் பகலிலேயே தூரத்தில் எதையாவது பார்த்துத் திருகாணிகளைச் சரிசெய்து வைக்க வேண்டும். நான் மேதாவி, பக்கத்து வீட்டுத் தென்னையைப் பார்த்துச் சரிசெய்தேன். அவ்வளவு கிட்டத்தில் பொருந்துவது வானத்துக்குப் பொருந்தாது என்பது ராத்திரிதான் உறைத்தது. அடுத்த நாள் ஊர்க்கோடித் தண்ணீர்த் தொட்டி. தலைகீழாகத் தெரிந்த தொட்டியின் மேல் தலைகீழாக ஒரு காகம். ஒரு திருகாணியை முடுக்கினால் இன்னொன்று தளரும், அதை முடுக்கினால் முக்காலி ஆடும். காகமே சலித்துப்போய்ப் பறந்துவிட்டது.

ஒருவழியாகப் பொருந்தியது. இருட்டியதும் சனியைப் பிடித்தேன், வளையத்தோடு, பொடியாக. அண்ணனைக் கூப்பிடக் கீழே ஓடினேன். லீவில் வந்தவரைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். காப்பி குடித்து முடித்து அவர் மாடி ஏறுவதற்குள் சனி போயிருக்கும். "பூமி சுத்துதுல்லண்ணே, அதான்" என்று சமாளித்தேன். ஆனால் பூமி சுற்றினால் கொஞ்சம்தான் விலகும், சின்னக் குழாயிலாவது நிற்க வேண்டுமே? திருகாணியைத் திட்டினேன், முக்காலியைத் திட்டினேன், செய்தவனைத் திட்டினேன். மறுபடி பிடிப்பதற்குள் கீழிருந்து அண்ணனைக் கூப்பிட்டுவிடுவார்கள். மறுநாளும் அதே கதை. விளக்கேற்றிவிட்டு, காயப்போட்ட கடலையை மூட மாடிக்கு வரும் அம்மா, "விடுப்பா, அவரைப் போயி எதுக்கு நோண்டிக்கிட்டு" என்பாள்.

அண்ணன் கிளம்புவதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. கோயிலில் எள் விளக்குப் போட்டுவிட்டு அம்மா நேராக மாடிக்கு வந்தாள். நான் பாதிப் படி இறங்கி, டார்ச்சை மறந்தது நினைவுக்கு வந்து திரும்பினேன். அம்மா குழாயின் நுனியைப் பிடித்து மெல்ல ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றீங்க!"

"கோயில்லயே அவருக்கு நேரா நிக்க மாட்டோம், ஒதுங்கி நின்னுதான் கும்புடுறோம். நீ இத்தத்தண்டி கண்ணாடிய வச்சு ஒங்கண்ணன அவரு மூஞ்சிக்கு நேரா நிறுத்துற. நாளைக்குக் கடல் தாண்டிப் போற பிள்ளடா."

ஆத்திரத்தோடு அம்மாவின் கையிலிருந்து குழாயைப் பிடுங்கினேன். மறுபடி தேடிப் பிடிப்பதற்குள் மேகம் மூடிக்கொண்டது. அண்ணன் பார்க்காமலே விமானம் ஏறினார். அடுத்தடுத்த லீவுகளை மழை தின்றது. அதற்கப்புறம் அவர் அவசரமாக வந்தது அம்மாவின் காரியத்துக்கு.

நேற்று சாயங்காலம் புதியதை மாடியில் வைத்தோம். இருட்டியதும் "ர்ர்" என்று திரும்பிச் சனியில் போய் நின்றது. அண்ணன் குனிந்து பார்த்தார். "வளையம் தெரியுதுடா" என்றார். நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போனார். நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் அதைப் பிடித்தே வைத்திருந்தது. இம்மியும் நகரவில்லை. எதற்காக அத்தனை நாள் கத்தினேனோ அது கிடைத்துவிட்டது. தள்ளிவிட ஆளில்லையே என்று எரிச்சலாக இருந்தது.